வளர்ந்த பிள்ளையின் தட்டை எட்டிப் பார்க்காதீர்கள்

பிள்ளைக்கு இருபத்தைந்து முப்பது வயது, வேலைக்கும் போகிறான் அல்லது போகிறாள், ஆனால் உடம்பு ஏறிக்கொண்டே போகிறது, சாப்பாட்டிலும் ஏதோ சரியில்லை. சொன்னால் சண்டை, சொல்லாமல் இருந்தால் மனசு கேட்பதில்லை. இந்த நிலைமையில் மாட்டியிருக்கிற அப்பா அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, எடைப் பேச்சை நிறுத்துவது. உங்கள் பிள்ளைக்குத் தன் எடை தெரியும், கண்ணாடியும் துணிக்கடையும் சொல்லாததையா நீங்கள் புதிதாகச் சொல்லப் போகிறீர்கள்? ஊருக்கு வந்து பையை இறக்கி வைப்பதற்குள் "என்னடா இப்படி உடம்பு போட்டிருக்க" என்று ஆரம்பித்தால், அடுத்த பண்டிகைக்கு லீவு கிடைக்கவில்லை என்று போன் வரும், அவ்வளவுதான். எடைக்காகக் கேலியும் திட்டும் வாங்குகிறவர்கள் அதனால் இளைப்பதில்லை, பெரும்பாலும் இன்னும் அதிகமாகவும் ஒளிந்தும் சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெண் இளைத்த கதை, வாட்ஸ்அப்பில் அனுப்பும் சீரகத் தண்ணீர் வீடியோ, "உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" எல்லாமே எடைப் பேச்சுதான். இளைத்து வந்தால் பாராட்டுவதும் அதில் சேரும், ஏனென்றால் மறுபடி ஏறினால் உங்கள் முன்னால் வந்து நிற்கக் கூச்சப்படுவார்கள்.

நம் வீடுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. காலையில் "குண்டாயிட்ட" என்று சொன்ன அதே வாய் மதியம் "அம்மாவுக்காக இன்னும் ஒரு கரண்டி" என்று கேட்கும், வேண்டாம் என்றால் அம்மாவுக்கு முகம் வாடும், போட்டுக்கொண்டால் அப்பா ஒரு பார்வை பார்ப்பார். இதில் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போகும்? பாத்திரங்களை நடுவில் வைத்துவிடுங்கள், அவரவர் போட்டுக்கொள்ளட்டும். போதும் என்றால் போதும், இரண்டாவது தடவை கேட்காதீர்கள். நான்காவது தோசையை எடுத்தாலும் உங்கள் முகம் மாறக்கூடாது (இதுதான் கஷ்டம், தெரியும்). ஊருக்குக் கிளம்பும்போது முறுக்கும் மைசூர்பாகும் டப்பா டப்பாவாகக் கட்டுவதற்கு முன்னால் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவனுக்கு மட்டும் ஓட்ஸ், மற்றவர்களுக்குப் பிரியாணி என்ற தனிச் சமையல் வேண்டாம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, காய், கூட்டு, சுண்டல், முட்டை, மீனைக் கூட்டுவது என்றால் வீடு முழுக்க அதையே செய்யுங்கள், அப்பாவுக்கு இருக்கிற சர்க்கரைக்கும் அது நல்லதுதானே. பட்டினி கிடக்க மட்டும் தூண்டாதீர்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45ல் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் போல அரை வயிற்றோடு வைத்துப் பார்த்தார், அவர்களுக்கு நினைப்பெல்லாம் சாப்பாடாகிவிட்டது, சிலர் உட்கார்ந்து சமையல் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், தடை நீங்கியதும் சிலரால் சாப்பிடுவதை நிறுத்தவே முடியவில்லை. பகல் முழுக்க டயட் என்று காபியில் ஓட்டிவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்விக்கியில் ஆர்டர் போடும் பிள்ளைக்கும் நடப்பது கிட்டத்தட்ட அதுதான், அதற்குப் போய் மன உறுதி இல்லை என்று பட்டம் கட்டாதீர்கள்.

பேசியே ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேசுங்கள். "சாப்பாடு விஷயத்துல உனக்கு ஏதாவது சிரமமா இருக்கா? சொல்லணும்னு தோணினா சொல்லு, இல்லன்னா விட்டுடறேன்." இவ்வளவு போதும். வேண்டாம் என்று சொன்னால் உண்மையாகவே விட்டுவிட வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் டாக்டரிடம் நேரம் வாங்குவது, ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு வந்து சொல்வது எல்லாம் பத்து வயதுப் பிள்ளையிடம் செய்கிற வேலை. சொந்தக்காரர்களைத் தடுப்பது மட்டும் முழுக்க உங்கள் பொறுப்பு. கல்யாண வீட்டில் யாராவது ஆரம்பித்தால் "அத விடுங்க சித்தி, புது வேலை எப்படி இருக்குன்னு கேளுங்க" என்று நீங்களே குறுக்கே போய்விடுங்கள், சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள். "இளைச்சாதான் வரன் அமையும்" என்பதை வீட்டிலும் சொல்ல வேண்டாம்.

எல்லாம் வாயால் வந்த வினை என்று முடிவு கட்டுவதும் தவறு. தைராய்டு குறைவு, பிசிஓஎஸ் (பெண்களுக்கு வரும் ஒரு ஹார்மோன் கோளாறு), நைட் ஷிஃப்ட்டில் கெட்ட தூக்கம், ஸ்டீராய்டு, மனநோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கும் ஒலான்சபின், வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள், இவையெல்லாம் எடையை ஏற்றும். மனநல மருந்தால் ஏறுகிறது என்று சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மாற்று இருக்கிறதா என்று அவர்களே கேட்கட்டும். இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 23க்கு மேல் போனால் அதிக எடை, 25 என்றால் உடல்பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள், இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 செமீ, பெண்களுக்கு 80 செமீ எல்லை. இதைப் படித்துவிட்டு டேப் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்! உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்க வாய்ப்பு அதிகம், எனவே பழைய காலேஜ் போட்டோவை இலக்காக வைக்க வேண்டியதில்லை.

சில அறிகுறிகளை மட்டும் கவனியுங்கள். பசியே இல்லாமல், குறுகிய நேரத்தில் ஏராளமாக, தனியாக, நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தன்னையே வெறுப்பது, வாரம் ஒரு முறையாவது மூன்று மாதமாக இது நடப்பது, இது மிகையுண்ணல் நோயாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 2013 முதல் இது தனி நோயாகவே இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது, டயட் சார்ட் அதற்கு மருந்தாகாது. சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் போய் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், மயக்கமோ படபடப்போ வந்தால் நேராக ஆஸ்பத்திரிதான். எங்கே ஆரம்பிப்பது என்று புரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பெற்றோரும் கூப்பிடலாம்.

இப்போது எடை குறைக்கும் ஊசி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் வாரம் ஒரு முறை போடுவது, பலருக்குக் கேட்கிறது, நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பி வருகிறது, டாக்டர் இல்லாமல் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. போடுவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. அதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, எந்த வயதில் வந்தது, யாருக்குத் தைராய்டு, யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா, அதில் மெடுல்லரி என்ற வகையா, உங்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மெடுல்லரி வகை குடும்பத்தில் இருந்தால் அந்த ஊசியை டாக்டர் தவிர்த்துவிடுவார், இந்த விவரங்களில் பாதி பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.