வட சென்னையிலிருந்து கோடம்பாக்கம்: புதிதாகத் திரைக்கதை எழுத வருபவர்களுக்குப் படிப்படியாக

தமிழ் சினிமாவில் கதையைப் படிக்க மாட்டார்கள், கேட்பார்கள். "பைண்டட் ஸ்கிரிப்ட் (முழுசாக எழுதி பைண்ட் செய்த திரைக்கதை) இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்று எடுத்து மேஜையில் வைத்தால், அதைத் தொடாமலே "சரி, சொல்லுங்க" என்பார்கள். ஆக இங்கே எழுத்தாளருக்கு வேலை இரண்டு. காதுக்குச் சொல்வது ஒன்று. சொன்னது கைநழுவிப் போகாமல் தாளில் பிடித்து வைப்பது இன்னொன்று. முதல் வேலையில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். கோட்டை விடுவது இரண்டாவதில். அதனால் இந்தக் குறிப்பு அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே சாயும். கதையை எப்படி யோசிப்பது, கதாபாத்திரம் என்றால் என்ன என்பதெல்லாம் இங்கே கிடையாது.

படி 1: எந்த நாற்காலி?

"கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்" என்று டைட்டிலில் ஒரே பெயர் வருவது நம் ஊர்ப் பழக்கம். எழுத்து மட்டும் செய்கிறேன் என்பவருக்கு சினிமாவில் கதவு குறுகல். சீரியலில் அப்படியில்லை. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். இயக்கும் ஆசை இல்லையென்றால் சீரியல், வெப் சீரிஸ் பக்கம் முதலில் முட்டுங்கள். சினிமாவுக்கு எழுதுவதை அதோடு சேர்த்துச் செய்யலாம்.

படி 2: தமிழில் டைப் செய்வது

இதில்தான் பலருக்கு முதல் மாதம் வீணாகிறது.

பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் டைப் செய்யாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் கதை ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறித் தெரியும். கையால் எழுதி டிடிபி கடையில் கொடுப்பவர்கள், "யூனிகோடில் (எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் முறை) அடித்துக் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சில கடைகளில் பழைய எழுத்துருவில்தான் வரும். பிறகு திருத்த ஒவ்வொரு தடவையும் அதே கடைக்கு நடக்க வேண்டும்.

கீபோர்டுக்கு என் ஓட்டு தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்புக்கு. 'அம்மா' வர 'ammaa' என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும். நூறு பக்க வசனம் அடித்த பிறகு திரும்பிப் போக மாட்டீர்கள். விண்டோஸில் அதை அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருள் இலவசம்.

திரைக்கதைக்கென்றே இருக்கும் ஆங்கில மென்பொருட்களை அவசரப்பட்டு வாங்காதீர்கள். சோதனைப் பதிப்பை இறக்கி, "கொய்யா, கெளுத்தி, நௌஷாத், ஸ்ரீ" என்று நாலு சொல் அடித்துப் பாருங்கள். கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நின்றால், அல்லது கட்டம் கட்டமாக வந்தால், மூடிவிடுங்கள். கூகுள் டாக்ஸ் போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், 12 புள்ளி, காட்சித் தலைப்புக்கு ஒரு ஸ்டைல், வசனத்துக்கு ஒரு ஸ்டைல். அவ்வளவுதான்.

காட்சித் தலைப்பு இப்படி இருக்கட்டும்:

காட்சி 14 – வெளி – காசிமேடு ஏலக்கூடம் – விடியற்காலை

இனி எல்லாரும் தடுக்கி விழும் இடம். "ஒரு பக்கம் ஒரு நிமிஷம்" என்று ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும். அது கூரியர் எழுத்துருவில், ஆங்கிலத்தில், அவர்களுடைய ஓரங்களை வைத்துக் கட்டிய கணக்கு. தமிழ்ச் சொல் நீளம், எழுத்தும் அகலம். ஒரு வரியில் அடங்கும் சொற்கள் குறைவு. அந்தக் கணக்கை நம்பி 120 பக்கத்தில் நிறுத்தினால் படம் சின்னதாகிவிடும்.

உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். வசனம் அதிகமுள்ள ஐந்து பக்கம், அசைவு அதிகமுள்ள ஐந்து பக்கம் எடுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் ஓட, வசனத்தை நடிக்கிற வேகத்தில் வாய்விட்டுச் சொல்லி, அசைவை மனதில் ஓட்டிப் படியுங்கள். உதாரணமாகப் பத்துப் பக்கம் எட்டு நிமிஷம் வந்தால், உங்கள் பக்கம் 0.8 நிமிஷம். 2 மணி 15 நிமிஷப் படத்துக்கு 135-ஐ 0.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 169 பக்கம். எழுத்துருவையோ ஓரத்தையோ மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

அனுப்பும்போது எப்போதும் பிடிஎஃப். வேர்ட் கோப்பாக அனுப்பினால் அவர்கள் போனில் எந்த எழுத்துருவில் திறக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

படி 3: நாலு காகிதம்

ஒன்லைன் (ஒரே வரியில் கதை), இரண்டு பக்கக் கதைச் சுருக்கம், சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசைப் பட்டியல்), முழு ஸ்கிரிப்ட். இதே வரிசையில் எழுதுங்கள்.

சீன் ஆர்டரைத் தாவாதீர்கள். அறுபது எழுபது காட்சி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: யார் என்ன கேட்கிறார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மாற்றம் எழுத வரவில்லை என்றால் அந்தக் காட்சி வேண்டாம். இடைவேளைக் காட்சிக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். கதையை மூன்று அங்கமாகப் பிரிக்கச் சொல்கிற வெளிநாட்டுப் புத்தகங்களில் இடைவேளையே கிடையாது. நம் ஊரில் பாதிப் படமே அதுதான். கதை கேட்பவர் நிமிர்ந்து உட்காருவதும் அங்கேதான், செல்போனை எடுப்பதும் அங்கேதான்.

வட சென்னைக்காரர் என்றதும் சினிமா கம்பெனியில் எதிர்பார்ப்பது கத்தியும் ரத்தமும். அதை எழுதக் கூடாது என்றில்லை, வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள். கேரம் கிளப், வியாசர்பாடி ஃபுட்பால் மைதானம், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி டிரைவரின் ஒரு ராத்திரி: இதெல்லாம் வெளியூர்க்காரருக்குக் கிடைக்காத சரக்கு.

ஆனால் தகவல் பிசகக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. மே மாதம் காசிமேட்டிலிருந்து விசைப்படகு கிளம்புகிற காட்சி எழுதினால், ராயபுரத்தில் ஒரு பையன்கூட நம்ப மாட்டான். அதே தடைக்காலத்தைக் கதைக்குள் கொண்டுவந்தால்? வருமானம் இல்லாத இரண்டு மாதம், கரையில் வலை பின்னுகிற ஆட்கள், வட்டிக்காரன் வருகிற வீடு. கதையே அங்கிருந்து கிளம்பும்.

பேச்சு வழக்கிலும் இதே கதைதான். 'இன்னா', 'கீது', 'அப்பால' என்று எல்லா வரியிலும் தூவினால் மிமிக்ரி ஆகிவிடும். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்தியரும், சௌகார்பேட்டை சேட்டும், திருவொற்றியூர் மீனவரும் ஒரே மாதிரி பேச மாட்டார்கள். ஒரு ஆளுக்கு இரண்டே இரண்டு வழக்குச் சொல் கொடுங்கள். மீதியை அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதில் காட்டுங்கள். கடனுக்காக மகன் படகை விற்கிறான், அம்மா பேசுகிறார்:

முதல் வரைவு: "உங்கப்பா போனதுக்கு அப்புறம் இந்தப் படகுதான்டா நமக்குச் சோறு போட்டுச்சு. இதை விக்காதடா."

திருத்தியது: மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாங்க வந்தவரிடம், "இன்ஜினு, வலை எல்லாம் எடுத்துக்கபா. பேரு எழுதின பலகைய மட்டும் கயட்டிக் குடுத்துட்டுப் போ."

இரண்டாவதில் அப்பா என்ற சொல்லே இல்லை. பலகையை ஒரு தடவை காட்டினால் போதும்.

படி 4: பதிவு

சட்டப்படி, எழுதி முடித்த நிமிஷமே காப்புரிமை (காபிரைட்) உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. பின்னே ஏன் பதிவு? இந்தத் தேதியில் இந்த வடிவத்தில் என்னிடம் இருந்தது என்று காட்ட.

வழி மூன்று. சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம். மும்பையில் இருக்கிற ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன்; உறுப்பினரானால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் பதியலாம். மூன்றாவது, மத்திய அரசின் காப்புரிமை அலுவலகம்: இலக்கியப் படைப்பு என்ற பிரிவில் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் டைரி எண் (விண்ணப்பத்துக்கான எண்) வரும், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள், சான்றிதழ் வர அதற்கு மேலும் ஆகும். கதை சொல்லப் போவதற்கு முந்தின வாரம் ஓடினால் சான்றிதழ் கையில் இருக்காது. முதலில் சங்கப் பதிவு, பிறகு அரசுப் பதிவு என்று போங்கள்.

எதைப் பதிகிறீர்கள் என்பதுதான் விஷயம். "ஒரு குத்துச்சண்டை வீரன், அவன் காதல், அவன் பழி" என்று அரைப் பக்கம் பதிந்துவிட்டு வழக்குப் போட்டால் நிற்காது. வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் என்று 1978-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே காட்சி காட்சியாக, குறைந்தது சீன் ஆர்டர் அளவுக்குப் பதியுங்கள். 2018-இல் ஒரு பெரிய நட்சத்திரப் படத்தின் கதை பற்றி எழுத்தாளர் சங்கத்துக்குப் புகார் போய், படம் வெளிவருவதற்கு முன்பே சமரசமாகி, கதைக்காரருக்குத் திரையில் நன்றி போட்டார்கள். அவர் கையில் இருந்தது பழைய பதிவு.

நமக்கு நாமே பதிவுத் தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைப்பது பழைய வைத்தியம். அதை மட்டும் நம்பாதீர்கள்.

படி 5: கதை சொல்வது

மூன்று நீளத்தில் தயார் செய்யுங்கள்: ஐந்து நிமிஷம், இருபது நிமிஷம், இரண்டு மணி நேரம். புதியவர்கள் இரண்டு மணி நேரத்தை மட்டும் தயார் செய்து போகிறார்கள். முதலில் கேட்பது தயாரிப்பாளராக இருக்காது. மேனேஜரோ கோ-டைரக்டரோ, அரை மணி நேரத்தில், நாலு போன் காலுக்கு நடுவே கேட்பார். அவர் மேலே போய் உங்கள் கதையை அவர் வாயால் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்லக்கூடிய மாதிரி இருக்க வேண்டியது அந்த இருபது நிமிஷம். பத்துக் கதாபாத்திரத்தின் பெயரைச் சொன்னால் அவருக்கு நிற்காது. நாயகன், அம்மா, எதிராளி மூவருக்கு மட்டும் பெயர். மற்றவர்கள் 'மாமா', 'ஏட்டு', 'டீக்கடைக்காரர்'.

பின்னணி இசையை வாயால் போடாதீர்கள். "இந்த இடத்தில் தியேட்டர் கிழியும்" என்றும் சொல்லாதீர்கள்.

சொல்லிவிட்டு வந்த அன்று இரவே ஒரு மின்னஞ்சல்: "இன்று மாலை 4 மணிக்கு உங்கள் அலுவலகத்தில் இன்ன தலைப்பில் என் கதையைச் சொன்னேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. சுருக்கத்தை இணைத்துள்ளேன்." பதிவு எண்ணும் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பி, போன் மாற்றும்போது எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் ஏராளம். முழு ஸ்கிரிப்ட்டை ஒப்பந்தப் பேச்சு தொடங்காமல் கொடுக்க வேண்டாம்.

போக்குவரத்து பற்றி ஒரு வரி. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் சென்ட்ரலில் பச்சைத் தடத்துக்கு மாறி நேரே வடபழனியில் இறங்கலாம். சினிமா அலுவலகங்கள் இருக்கும் சாலிகிராமம், வளசரவாக்கம் அங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரம். வேர்த்து ஊற்ற பைக்கில் போய் இறங்கி உடனே கதை சொல்லாதீர்கள்.

படி 6: டிஸ்கஷனும் சீரியலும்

முதல் வருமானம் பெரும்பாலும் சொந்தக் கதையில் வராது. இன்னொருவர் கதையின் டிஸ்கஷனில், அதாவது அதைக் கூடிப் பேசிச் செப்பனிடும் அறையில், உட்காருவதில் வரும். பேட்டா (தினப்படி) எவ்வளவு, எத்தனை நாளுக்கு, டைட்டிலில் எந்தத் தலைப்பின் கீழ்ப் பெயர் என்பதை முதல் நாளே கேளுங்கள். "நம்ம பையன்தான், பார்த்துக்கலாம்" என்றால் அதையும் அன்றிரவு நன்றி மெசேஜாக எழுதி அனுப்பிவிடுங்கள். உங்கள் சொந்தக் கதையிலிருந்து காட்சிகளை அந்த அறையில் உதவிக்கு அள்ளிப் போடாதீர்கள். போட்டது அந்தப் படத்தோடு போய்விடும்.

சீரியல் வசனம் வேறு பழக்கம். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிஷம். வாரத்துக்கு ஆறு நாள். சம்பளம் எபிசோட் கணக்கு. மாதிரி கேட்டால் நீளமான கதை கொடுக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு சீரியலின் வீட்டு ஹால், சமையலறை, வாசல் மூன்றையும் வைத்து ஒரு எபிசோட் எழுதிக் காட்டுங்கள். கூடவே இன்னொன்று: முக்கிய நடிகைக்கு அன்று கால்ஷீட் இல்லை, படப்பிடிப்புக்கு வர மாட்டார் என்று வைத்துக்கொண்டு அதே எபிசோடைத் திருத்தியது. அந்த இரண்டாவது தாளுக்குத்தான் வேலை கிடைக்கும்.

படி 7: ஒப்பந்தம்

மொத்தத் தொகையை நாலாகப் பிரியுங்கள்: கையெழுத்தில், முதல் வரைவில், இறுதி வரைவில், படப்பிடிப்பு தொடங்கும் நாளில். "ரிலீஸுக்குப் பிறகு" என்ற தவணையைத் தவிருங்கள். எத்தனை திருத்தம் என்ற எண்ணிக்கையும் வேண்டும். எழுதாவிட்டால் பதினோராவது வரைவும் இலவசம்.

காலம் எழுதாமல் உரிமையைக் கொடுத்தால், காப்புரிமைச் சட்டப்படி ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதி என்றும் சட்டம் சொல்கிறது; ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். "நிரந்தரமாக", "எல்லா மொழியிலும்", "எல்லா ஊடகத்திலும்" என்ற சொற்கள் வருகிற பத்தியை இரண்டு தடவை படியுங்கள். மொழிமாற்று உரிமைக்குத் தனித் தொகை கேட்பது தவறே இல்லை.

பான் கார்டு கொடுத்தால் சம்பளத்திலேயே 10 சதவீதம் டிடிஎஸ் என்ற வரியைப் பிடிப்பார்கள், கொடுக்காவிட்டால் 20. பிடித்ததை உங்கள் பான் கணக்கில் கட்டினார்களா என்று வருமான வரித் துறை இணையதளத்தில் பார்த்துவிட்டு, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வர வாய்ப்பு உண்டு. பேட்டாதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

பிற்சேர்க்கை

அடிக்கடி வரும் இரண்டு சந்தேகம். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் சொல்லலாமா? முன்பணம் வாங்காத வரை தாராளமாகச் சொல்லலாம். ஒரு நோட்டில் தேதி, கம்பெனி, கேட்டவர் பொறுப்பு, சொன்ன வடிவம் நாலையும் குறித்து வையுங்கள்.

பதிந்த பிறகு கதை மாறிவிட்டால்? பெயர் மாற்றம், வசன மாற்றத்துக்கு மறுபதிவு தேவையில்லை. இடைவேளையோ கிளைமாக்ஸோ மாறினால் புதிதாகப் பதியுங்கள், பழைய சான்றிதழைத் தூக்கிப் போடாமல் அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.