கடல் மாறினால் விதியும் மாறும்: கப்பல் இயக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதி போடுகிறது, கப்பல் பதிவான நாடு, அதாவது கொடி நாடு, சான்றிதழ் தருகிறது, கப்பல் ஓடுகிறது. கப்பல் துறைக்குள் வரும் எவருக்கும் முதலில் சொல்லித் தரப்படுவது இதுதான். தப்பில்லை, ஆனால் இது பாதிக் கதை. பால்டிக் கடலுக்கென்று சில விதிகள், மத்தியதரைக் கடலுக்கென்று சில, கலிபோர்னியா கரைக்கு அதற்கும் மேலே சில என்று உலகக் கடல் துண்டு துண்டாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. கப்பலில் எந்தக் கொடி பறந்தாலும் சரி, அது எந்தத் தண்ணீரில் நிற்கிறதோ அந்தத் தண்ணீரின் விதிக்கு அது கட்டுப்பட்டாக வேண்டும். இதை மறப்பதால் வரும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால்தான் அவற்றைப் பற்றி எழுதத் தோன்றியது.

தேதியில் சறுக்குவது

ஒரு வட்டார விதிக்கு மூன்று தேதிகள் இருக்கலாம்: முடிவெடுத்த நாள், சட்டமான நாள், கப்பல்கள் கீழ்ப்படிய வேண்டிய நாள். மத்தியதரைக் கடலைக் கந்தக உமிழ்வுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக்கும் முடிவு 2022 டிசம்பரில் எடுக்கப்பட்டது. திருத்தம் 2024 மே 1 அன்று சட்டமானது. ஆனால் 0.10 சதவீதக் கந்தக வரம்பு அங்கே கப்பல்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது 2025 மே 1 முதல்தான். நடுவில் இருந்த அந்த ஓராண்டில் அவசரப்பட்டு விலை கூடிய எரிபொருள் வாங்கினால் பண நஷ்டம். கடைசித் தேதியைத் தவறவிட்டால் அது மீறல்.

செங்கடல் இன்னும் நல்ல உதாரணம். கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தில் 1973-லேயே அது 'சிறப்புப் பகுதி', அதாவது கழிவு விடக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள இடம், என்று எழுதப்பட்டுவிட்டது. ஆனால் கப்பல் கழிவை வாங்கிக்கொள்ளும் வசதி கரையோரத் துறைமுகங்களில் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு அமலுக்கு வரும். அது அமலுக்கு வந்தது 2025 ஜனவரி 1-ல். அரை நூற்றாண்டாகப் பட்டியலில் பெயர் இருந்தும் நடைமுறை இல்லை. ஆகவே பட்டியலைப் பார்த்தால் மட்டும் போதாது, அமல் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பயணத் திட்டம் போடும்போதே, ஒவ்வொரு கடல் பகுதிக்கும் அன்றைய தேதியில் எது செல்லும் என்று எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

எல்லைக் கோட்டில் எரிபொருளை மாற்றுவது

இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். கப்பல்காரர்கள் ஈசிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் உமிழ்வுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையும்போது எரிபொருளில் கந்தகம் 0.10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளியே 2020 முதல் உலக வரம்பு 0.50 சதவீதம். கோட்டைத் தொடும்போது வால்வைத் திருப்பினால் போதும் என்று நினைப்பதுதான் தவறு. விதிப்படி, கோட்டைத் தொடும் முன்பே மாற்றம் முழுதாக முடிந்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜினுக்கு எண்ணெய் தரும் சர்வீஸ் டேங்கிலும் குழாய்களிலும் பழைய 0.50 சதவீத எண்ணெய் 10 பங்கு மிச்சம் இருக்கிறது, அதோடு 0.08 சதவீத எண்ணெய் 90 பங்கு கலக்கிறது என்று வையுங்கள். என்ஜினுக்குப் போவது 0.122 சதவீதக் கலவை. வாங்கியது நல்ல எண்ணெய், ரசீதும் சரி, ஆனாலும் மீறல். பழையது கழுவிப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்பது டேங்கின் அளவையும் என்ஜின் எரிக்கும் வேகத்தையும் பொறுத்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் அது வேறுபடும். பக்கத்துக் கப்பலின் நேரத்தைக் காப்பியடிக்க முடியாது.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. கெட்டியான கனரக எண்ணெய் சுமார் 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்டு என்ஜினுக்குள் போகிறது. டீசலுக்கு நெருக்கமான மெரைன் கேஸ் ஆயிலுக்கு 40 டிகிரி சுற்றளவே போதும். அவசரமாக மாற்றினால் ஃபியூயல் பம்புக்குள் எண்ணெயை உந்தும் தண்டான பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும், கப்பல் நடுவழியில் சக்தி இழந்து நிற்கும். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் வெப்பம் மாறக் கூடாது என்பது என்ஜின் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. காற்றைக் காக்க வந்த விதியைத் தப்பாகக் கையாண்டால், துறைமுக வாயிலில் கட்டுப்பாடற்ற கப்பல் ஒன்று மிதக்கும். கலிபோர்னியா 2009-ல் எரிபொருள் விதியைக் கொண்டுவந்தபோது இப்படி சக்தி இழந்த சம்பவங்கள் கூடவே வந்தன. போக்குவரத்து நெருக்கமான இடத்துக்கு வரும் முன்பே, திறந்த கடலில், சீஃப் இன்ஜினியர் முன்னிலையில் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது.

அப்புறம் பதிவு. மாற்றம் முடிந்த தேதி, நேரம், கப்பல் இருந்த இடம், ஒவ்வொரு டேங்கிலும் இருந்த குறைந்த கந்தக எண்ணெயின் அளவு, எல்லாம் லாக் புக்கில் வேண்டும். எரிபொருள் வாங்கியதற்கான ரசீதான பங்கர் டெலிவரி நோட் 3 ஆண்டுகள் கப்பலில் இருக்க வேண்டும். முத்திரையிட்ட எண்ணெய் மாதிரியைக் குறைந்தது 12 மாதம் வைத்திருக்க வேண்டும். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பும் வேண்டாம். டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தில் கீழே போகும் கப்பல்களின் புகையை முகர்ந்து கந்தகம் அளக்கும் கருவி பொருத்தப்பட்டது.

ஸ்க்ரப்பர் இருந்தால் எங்கும் போகலாம் என்று நம்புவது

புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர், உலக விதியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மாற்று வழி. ஆனால் கழுவிய நீரைக் கடலிலேயே விடும் 'ஓப்பன் லூப்' வகையை ஏற்காத இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. சிங்கப்பூர் துறைமுக நீரில் 2020 ஜனவரி முதல் தடை. டென்மார்க் தன் 12 கடல் மைல் எல்லைக்குள் 2025 ஜூலை முதல் தடை செய்தது. கலிபோர்னியா கரையிலிருந்து 24 கடல் மைலுக்குள் மெரைன் கேஸ் ஆயில் போன்ற, காய்ச்சி வடித்த டிஸ்டிலேட் எரிபொருளைத்தான் எரிக்க வேண்டும். அந்தக் கரை வட அமெரிக்க ஈசிஏ-வுக்குள் இருக்கிறது. கனரக வகையில் 0.10 சதவீத எண்ணெய் வைத்திருக்கும் கப்பல் அந்த ஈசிஏ விதிக்குச் சரி, கலிபோர்னியாவுக்குச் சரியில்லை. உலகம், வட்டாரம், மாநிலம் என்று மூன்று அடுக்கு. கடுமையான அடுக்குதான் செல்லும்.

கப்பல் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் பாலாஸ்ட் நீரிலும் இதே கதைதான். சர்வதேச ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8-ல் அமலானது, ஆனால் அமெரிக்கா அதில் சேரவில்லை. அங்கே போகும் கப்பலின் சுத்திகரிப்புக் கருவிக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் தனி அங்கீகாரம் தேவை. கருவி வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

'புரிந்துணர்வு ஒப்பந்தம்தானே' என்ற அலட்சியம்

1978 மார்ச்சில் பிரான்சின் பிரிட்டனி கரையில் அமோகோ காடிஸ் டேங்கர் பாறையில் மோதி, 2 லட்சம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. அந்த அதிர்ச்சியில்தான் துறைமுக நாடுகள் தங்களிடம் வரும் வெளிநாட்டுக் கப்பல்களைக் கூட்டாகச் சோதிக்க 1982-ல் பாரிஸ் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. ஆசிய-பசிபிக்கில் டோக்கியோ ஒப்பந்தம், அப்புறம் இந்தியப் பெருங்கடல், கரீபியன், கருங்கடல் என்று இன்று இப்படி 9 அமைப்புகள். அமெரிக்கா தனியாகச் சோதிக்கிறது.

பெயரில் புரிந்துணர்வு என்று இருப்பதால் கட்டாயம் குறைவு என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குப் பின்னால் சட்டமே இருக்கிறது. கொடி நாடு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்றாலும் தப்ப முடியாது. சேராத நாட்டுக் கப்பலுக்கு எந்தச் சலுகையும் கிடையாது என்பதே இந்த அமைப்புகளின் அடிப்படை. கப்பலின் வயது, வகை, கொடி, இயக்கும் நிறுவனத்தின் பழைய பதிவு எல்லாம் சேர்ந்து அபாய மதிப்பு ஆகிறது. பாரிஸ் முறையில் அதிக அபாயக் கப்பலை 5-6 மாதத்துக்கு ஒருமுறையும், குறைந்த அபாயக் கப்பலை 24-36 மாதத்துக்கு ஒருமுறையும் சோதிக்கிறார்கள். ஒரு கப்பல் தடுத்து வைக்கப்பட்டால், அதே நிறுவனத்தின் மற்றக் கப்பல்களுக்கும் அடி விழும்.

இதில் வருத்தம் தருவது, பழுதை மறைக்கும் பழக்கம். வழியில் எதிர்பாராமல் உடைந்த கருவியைப் பற்றித் துறைமுகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, பழுதுபார்க்க ஏற்பாடும் செய்திருந்தால், அந்த ஒரே காரணத்துக்காகக் கப்பலைத் தடுத்து வைக்காமல் விட வழி இருக்கிறது. ஆய்வாளர் கண்டுபிடிக்கும் வரை வாய் மூடி இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அதுவரை அந்தப் பழுதோடு கப்பலில் இருக்க வேண்டியவர்கள் மாலுமிகள்தான்.

எண்ணெய்ப் பதிவேட்டில் பொய்

என்ஜின் அறைக் கழிவு நீரை 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) எண்ணெய்க்குள் வடிகட்டி, கப்பல் ஓடும்போது வெளியே விடலாம் என்பது பொதுவான விதி. அண்டார்டிக் பகுதியிலும் துருவக் கடல்களுக்கான விதித்தொகுப்பு (போலார் கோட்) செல்லும் ஆர்க்டிக் நீரிலும் அதுவும் கூடாது. அங்கே எண்ணெய்க் கலவை எதையும் விடவே கூடாது.

எண்ணெய்க் கழிவை என்ன செய்தோம் என்று கப்பலில் எழுதி வைக்கும் எண்ணெய்ப் பதிவேட்டை ஆய்வாளர்கள் கணக்குப் பரீட்சை மாதிரி திருத்துகிறார்கள். மணிக்கு 24 லிட்டர் கழிவு எரிக்கும் இன்சினரேட்டர் (எரியுலை) நாள் முழுக்க ஓடினாலும் 576 லிட்டர்தான் எரிக்கும். ஒரே நாளில் 1,000 லிட்டர் எரித்ததாக எழுதியிருந்தால் மிச்சம் எங்கே போனது? கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும், அப்புறம் கழிவை நேரே கடலில் விட ரகசியக் குழாய் மாட்டினார்களா என்று பார்க்க, குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சுகளில் புதிதாகப் பெயிண்ட் உரிந்த இடங்களைத் தேடுவார்கள். கொட்டியது நடுக்கடலில் என்றாலும், பொய்ப் பதிவேட்டைத் தன் துறைமுகத்தில் காட்டியதற்காக அமெரிக்கா குற்ற வழக்குப் போடுகிறது. தகவல் தந்த மாலுமிக்கு அபராதத்தில் பாதி வரை கொடுக்க அங்கே சட்டம் இடம் தருகிறது.

கார்பன் பொறுப்பு யாருடையது

வெளிவிடும் கார்பனுக்கு அனுமதிகள் வாங்கி ஒப்படைக்க வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டம் 2024 முதல் 5,000 மொத்த டன்னேஜும் (கப்பலின் கொள்ளளவைக் காட்டும் அளவு) அதற்கு மேலும் உள்ள சரக்கு, பயணிகள் கப்பல்களுக்குச் செல்லும். பொறுப்பு இயல்பாகப் பதிவு உரிமையாளருடையது. எழுத்து மூலம் ஒப்படைத்தால்தான் கப்பலை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு மாறும். கப்பல் எரிபொருளின் கார்பன் அளவைக் குறைக்கச் சொல்லி 2025-ல் வந்த ஃபியூயல்ஈயூ என்ற ஐரோப்பிய விதியிலோ பொறுப்பு நேரே நிர்வாக நிறுவனத்துடையது. இரண்டையும் குழப்பி ஒப்பந்தம் எழுதினால் சண்டை நிச்சயம். கன்டெய்னர் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு முன்னால் மொராக்கோவின் டான்ஜர் மெட்டிலோ எகிப்தின் கிழக்கு போர்ட் சயீதிலோ சரக்கு மாற்ற நின்று பயணத்தைச் சுருக்கிக் காட்டவும் முடியாது. அந்த நிறுத்தங்கள் கணக்கில் வராது.

அடிபட்ட கப்பலை விரட்டுவது

இந்தத் தவறு கரையோர அரசுகளுடையது. 2002 நவம்பர் 13-ல் ஸ்பெயினின் கலீசியா கரைக்கு அப்பால் பிரெஸ்டீஜ் டேங்கர் அடிபட்டு உதவி கேட்டது. 1976-ல் கட்டிய, ஒற்றைச் சுவர் கப்பல், வயிற்றில் சுமார் 77,000 டன் கனரக எண்ணெய். அடைக்கலம் தரவில்லை. தூரக் கடலுக்கு இழுத்துப் போகச் சொன்னார்கள். 19-ஆம் தேதி இரண்டாக உடைந்து மூழ்கியது. ஒரு விரிகுடாவுக்குள் அடைத்துச் சமாளித்திருக்கக் கூடிய எண்ணெய், ஸ்பெயினிலிருந்து பிரான்சு வரை பரவியது. கப்பலைத் தள்ளினால் ஆபத்தும் தள்ளிப் போகும் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2003-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அடைக்கல இடங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் தன் உறுப்பு நாடுகள் அதற்கான திட்டமும், முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒரு சுயேச்சையான பொறுப்பாளரும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. கப்பல் பக்கம் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: இழுவைப் படகுக்கு எவ்வளவு செலவாகும் என்று நிறுவனத்தோடு பேசிப் பேசி, கரைக்குச் சொல்வதைத் தள்ளிப் போடுவது. அடைக்கலம் கேட்கும் கேப்டனிடம் முதலில் கேட்பார்கள்: என்ன சரக்கு, எவ்வளவு எண்ணெய், எந்த டேங்கில் உடைப்பு, எத்தனை பேர் கப்பலில், காப்பீடு யார், மீட்பு நிறுவனம் அமர்த்தியாயிற்றா. இந்தப் பதில்கள் ஒரே தாளில், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் தயாராக இருந்தால், கரையில் இருப்பவருக்குச் 'சரி, வாருங்கள்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.