சொந்த எழுத்துகளைச் சிறு நிரலால் பேணும் முறை

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே கட்டுரைகளை, தமிழ் எழுத்துகளையும் பதியவல்ல யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் வெறும் உரைக் கோப்புகளாக வைத்து, அவற்றைப் பக்கங்களாக மாற்றும் நிரலைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நிரல் ஒவ்வொரு பக்கத்தையும் தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்த பிறகே, பெயரை மாற்றிப் பழைய கோப்பின் இடத்தில் வைக்க வேண்டும். அப்போது நடுவில் மின்சாரம் போனாலும் பழைய பக்கம் சிதையாது.

என்னை மிகவும் அலைக்கழித்தது தேடல்தான். ‘கொடநாடு’ என்று தேடியபோது நானே எழுதிய குறிப்புகளில் சில அகப்படவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை, எழுத்துகளுக்குக் குறியெண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியெண்களாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை நிரலுக்கு வெவ்வேறு சொற்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயற்கூறைக் கொண்டு, சேமிக்கும் உரையையும் தேடும் சொல்லையும், இத்தகைய இரட்டைக் குறியெண்களை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் குறை தீராது.

மாற்றங்களின் வரலாற்றுக்கு, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்னும் பதிப்பு மேலாண்மை மென்பொருள் போதும். அந்த வரலாற்றின் நகல் ஒன்றை வேறொரு கணினியிலும் வைத்திருங்கள்.