மூக்கா, தொண்டையா, உமிழ்நீரா? வைரஸ் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறைகள்

கையுறை, மாஸ்க் போடுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: எங்கிருந்து எடுப்பது?

ஃப்ளூ, ஆர்எஸ்வி (இதுவும் ஒரு சுவாச வைரஸ்), கொரோனா எதுவானாலும் என் முதல் தேர்வு நாசித்தொண்டை ஸ்வாப் (ஸ்வாப் என்பது மாதிரி எடுக்கும் நுனியுள்ள குச்சி), அதாவது மூக்கின் பின்கோடி வரை போய் எடுப்பது. வைரஸ் பெருகும் செல்கள் அங்கே நன்றாகக் கிடைக்கும். நோயாளி அதிகம் நெளிவதும் இதற்குத்தான்.

தொண்டை ஸ்வாப் எடுப்பது சுலபம். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஃப்ளூ நழுவிப் போக வாய்ப்புண்டு. நாசித்தொண்டை முடியாதபோது மூக்கில் ஒன்று, தொண்டையில் ஒன்று எடுத்து இரண்டையும் ஒரே டியூபில் போடுங்கள். முன்மூக்கு ஸ்வாபை நோயாளியே எடுத்துக்கொள்ளலாம்: 1 முதல் 1.5 செ.மீ. உள்ளே விட்டு, உட்சுவரில் 10–15 விநாடி சுழற்றி, அதே ஸ்வாபால் அடுத்த துளையிலும் எடுக்க வேண்டும். உமிழ்நீர் கொரோனா பிசிஆருக்கு (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) உதவும். ஆனால் உங்கள் லேபின் கிட் அதை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். கைக்குழந்தை என்றால் சளியை உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு.

நிமோனியா வரை போய்விட்டால் மூக்கில் நெகட்டிவ் வந்தும் நுரையீரலில் வைரஸ் இருக்கலாம். அங்கே கீழிருந்து வரும் சளியோ, மருத்துவர் ப்ராங்கோஸ்கோப் என்ற குழாயை நுரையீரலுக்குள் விட்டுக் கழுவி எடுக்கும் திரவமோதான் பேசும்.

எந்த முறையானாலும் தாமதிக்காதீர்கள். ஃப்ளூவுக்கு அறிகுறி தொடங்கி 3–4 நாட்களுக்குள் எடுப்பது நல்லது.

படி 2: எந்த ஸ்வாப்?

வளையும் தண்டும் மெல்லிய நுனியும் உள்ள ஃப்ளாக்டு நைலான் (நுனியில் குட்டி நைலான் இழைகள் நிற்கும்) ஸ்வாப். நாசித்தொண்டைக்கு வேறெதையும் நான் தொடுவதில்லை. மரத்தண்டு, கால்சியம் ஆல்ஜினேட் நுனி இரண்டும் வேண்டாம், பிசிஆரைக் கெடுக்கக்கூடும்.

படி 3: உள்ளே விடுவது

புதியவர்கள் திணறுவது இங்கேதான். மூக்கின் தண்டு மேல்நோக்கிப் போவதால் ஸ்வாபும் மேலே போக வேண்டும் என்று கை நினைத்துக்கொள்ளும். மூக்குக்குள் இருக்கும் பாதையோ நேராகப் பின்னால் போகிறது, காதை நோக்கி. ஸ்வாப் மேலண்ணத்துக்கு இணையாக, மூக்கின் தரையை ஒட்டியே போக வேண்டும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், நோயாளியின் தலையை நாம் பின்னால் சாய்ப்பது. சாய்த்ததும் மேலண்ணத்தின் கோணமும் மாறிவிடும். அறையின் தரையைப் பார்த்துக் கோணம் வைக்காதீர்கள், அவருடைய காதைப் பாருங்கள். மூக்குத் துளையிலிருந்து காது வரை உள்ள தூரத்தில் குறைந்தது பாதியாவது உள்ளே போக வேண்டும். விரலால் முன்பே அளந்துகொள்ளலாம்.

பாதி வழியிலேயே கெட்டியாக முட்டினால் அழுத்த வேண்டாம். வெளியே எடுத்து, கோணத்தைச் சரிசெய்யுங்கள் அல்லது அடுத்த துளைக்குப் போங்கள். பின்சுவரைத் தொட்டதும் மெதுவாக உருட்டி, சில விநாடி அங்கேயே விட்டு, சுழற்றியபடி எடுங்கள். அண்மையில் மூக்கில் அறுவை சிகிச்சை, இரத்தம் உறையாத கோளாறு என்றால் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

தொண்டைக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: டான்சில்கள், பின்சுவர். நாக்கில் படக்கூடாது. நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள், இருமல் நிச்சயம்.

படி 4: டியூப்

விடிஎம் திரவத்தில் (வைரஸ் மாதிரி லேப் போகும்வரை கெடாமல் வைக்கும் திரவம்) நுனியை விட்டு, தண்டில் உள்ள வெட்டுக்கோட்டில் ஒடித்து, மூடியை இறுக்குங்கள். லேபிளை மூடியில் ஒட்டாமல் டியூபில் ஒட்டுங்கள். 2–8 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் மைனஸ் 70 அல்லது அதற்கும் கீழே.

பின்சேர்க்கை: "சரியாக எடுத்தேனா என்று எப்படித் தெரியும்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பல பிசிஆர் கிட்கள் வைரஸோடு ஆர்என்ஏஸ் பி என்ற மனித மரபணுவையும் தேடும். இரண்டுமே கிடைக்காவிட்டால் முடிவு 'இன்வேலிட்'. திரும்ப எடுக்க வேண்டியதுதான். அந்த மனித மரபணு கிடைத்துவிட்டாலும் மனித செல் வந்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். முன்மூக்கைத் தடவிவிட்டு வந்தாலும் அது தெரியும்.

இன்னொன்று, ரேபிட் ஆன்டிஜென் கிட்டுக்கு எடுத்த ஸ்வாபை விடிஎம்மில் போட்டுவிடாதீர்கள். கிட்டோடு வரும் திரவத்தில்தான் முக்க வேண்டும். விடிஎம்மில் போட்டால் மாதிரி நீர்த்துப்போகும்.