கூடலூர்ப் பத்திரத்தில் ‘ஜன்மம்’: பொருள் பிரித்தறியும் முறை

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழைய நிலப் பத்திரத்தைத் தமிழாக்க உட்காருபவர் இடறும் முதல் சொல் ‘ஜன்மம்’. ‘பிறவி’ என்று போட்டால் வாக்கியம் உளறலாகிவிடும். இந்தப் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்து வயநாட்டோடு இருந்தது. நீலகிரியில் சேர்ந்தது அப்புறம்தான். நிலம் பற்றிய சொற்களெல்லாம் மலையாள வழக்கிலேயே தங்கிவிட்டன.

எழுத்தை வைத்து மொழியை முடிவு செய்யாதீர்கள். தமிழ் எழுத்தில் இருக்கும் பத்திரத்திலும் சட்டச் சொற்கள் மலையாளமாக இருக்கலாம். ‘ஜன்மம்’ வருகிற இடத்தையெல்லாம் பென்சிலால் கோடிட்டு, முன்னும் பின்னும் இரண்டு சொற்களைப் பாருங்கள்.

பக்கத்தில் நட்சத்திரம், ராசி, சனி, குரு என்று வந்தால் அது சோதிடம். அங்கேயும் கொஞ்சம் கவனம் வேண்டும்: தாரை (பிறந்த நட்சத்திரத்திலிருந்து எண்ணும் வரிசை) எண்ணும்போது பிறந்த நட்சத்திரம் மட்டுமல்ல, அதிலிருந்து 10-ஆவதும் 19-ஆவதும் ஜன்ம தாரைதான். சமண நூல் என்றால் ‘ஜன்ம கல்யாணகம்’, தீர்த்தங்கரருக்குரிய ஐந்து மங்கல நிகழ்வுகளில் ஒன்று. பஞ்சாபியில் ‘ஜனம் சாக்கி’ என்றால் குரு நானக்கின் வாழ்க்கைக் கதைகள். இவை எல்லாவற்றிலும் பிறப்பு என்ற பொருள் மாறவில்லை. ஆகவே தொல்லை குறைவு.

ஜன்மி, காணம், பாட்டம் என்று வந்தால் கதை வேறு. அங்கே ஜன்மம் என்பது வழிவழியாக வந்த முழு நில உரிமை. அதை உடையவர் ஜன்மி. காணம் என்பது முன்பணம் கொடுத்துப் பெறும் அனுபோகம் (தென்மாவட்டத்துக்காரர் கொள்ளு என்று நினைத்துவிடுவார்). வெறும்பாட்டம் என்பது வெறும் குத்தகை. குடகில் இதே சொல் ‘ஜம்மா’ என்று தேய்ந்து, பரம்பரை நில அனுபோகத்தின் பெயராக நிற்கிறது.

கூட்டுச் சொல்லில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ‘ஜன்மாவகாசம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழருக்கு அவகாசம் என்றால் நேரம், இந்தியில் விடுமுறை, தெலுங்கு, கன்னடத்தில் வாய்ப்பு, மலையாளத்தில் உரிமை. மலையாளப் பொருளை எடுத்தால்தான் ‘ஜன்ம உரிமை’ என்று சரியாக வரும். ‘தீறாதாரம்’ இன்னொரு பொறி. தீறு என்பது முழுக்கிரயம். நம் தீர்வையோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. ஆதாரம் மலையாளத்தில் பத்திரம், நமக்கோ சான்று. ஆகவே ‘ஜன்மம் தீறாதாரம்’ என்றால் ஜன்ம உரிமையை முழுதாக விற்ற கிரயப் பத்திரம். கூட்டுச் சொல்லைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி மொழி அகராதியைப் புரட்டினால் ஒன்றும் ஒட்டாது. மலையாள அகராதி ஒன்றையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.

தமிழில் எழுதும்போது சொல்லை மாற்றாமல் ‘ஜன்மம்’ என்றே வைத்து, முதல் இடத்தில் மட்டும் ‘பரம்பரை முழு நில உரிமை’ என்று அடிக்குறிப்புக் கொடுப்பது நல்லது. ஒரு பக்கத்தில் ஜென்மம், மறுபக்கத்தில் ஜன்மம் என்று எழுதினால் படிப்பவர் இரண்டு வேறு உரிமை என்று எண்ணுவார். ‘ஜமீன்’ என்று பெயர்ப்பது பெரிய பிழை: ஜமீன் பெரும்பாலும் வரி வசூல் உரிமையிலிருந்து வளர்ந்தது, ஜன்மம் நிலத்தின் மேலேயே உள்ள உரிமை. இனாம் என்பதும் பொருந்தாது. அது அரசர் கொடுத்த மானியம்.

பத்திரத்தின் ஆண்டையும் பாருங்கள். கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக்கும் (நிலம் வைத்திருப்பவர் அரசுக்கே நேராக வரி கட்டும் முறைக்கு மாற்றும்) சட்டம், 1969-இன் 24-ஆம் சட்டம். 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை (நீதிமன்றத் தலையீட்டிலிருந்து காக்கச் சட்டங்களைச் சேர்க்கும் பட்டியல்) பற்றிச் சொன்ன கொயெல்லோ வழக்குத் தீர்ப்பின் வேரும் இந்தச் சட்டம்தான். ஆகவே இன்றைய நிலையை எழுதும்போது ‘இவர் ஜன்மி’ என்று நிகழ்காலத்தில் எழுதாதீர்கள். ‘முன்னாள் ஜன்மி’ என்று எழுதுங்கள். ஊரில் ‘செக்ஷன் 17 நிலம்’ என்று சொல்வது இதே சட்டத்தின் தோட்டக் குத்தகைப் பிரிவை. அதைப் பெயர்க்க வேண்டாம், எண்ணோடு அப்படியே விடுங்கள். இப்போது நிலம் யாருடையது என்ற கேள்விக்கு மொழிபெயர்ப்பு பதில் சொல்லாது; அதற்குத் தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டை (நில விவரப் பதிவேட்டை) பார்க்க வேண்டும்.