விமானத்தில் இருக்கையை மாற்றிக் கேட்பது எப்படி, மறுப்பது எப்படி?

ரயிலில் படுக்கையை மாற்றிக் கேட்டுப் பழகிய நமக்கு, விமானத்திலும் அதேபோல் கேட்டால் என்ன என்றுதான் தோன்றும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு பாட்டி மேல் படுக்கைக்கான டிக்கெட்டோடு வந்து நின்றால், கீழே இருப்பவர்களில் யாராவது ஒருவர் இடம் கொடுத்துவிடுவார். கொடுக்காதவரைப் பெட்டியே ஒரு மாதிரிப் பார்க்கும். ஆனால் ஒரே வகுப்பில் கீழ்ப் படுக்கைக்கும் மேல் படுக்கைக்கும் கட்டணம் ஒன்றுதான். விமானத்தில் அப்படி இல்லை. ஜன்னல் ஓரம், முன்வரிசை, காலை நீட்ட இடமுள்ள வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. நீங்கள் யாரை எழுந்திருக்கச் சொல்கிறீர்களோ, அவர் அந்த இடத்துக்கென்றே தனியாகப் பணம் கட்டியிருக்கக்கூடும். அவர் காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கேட்கிறோம் என்ற நினைப்போடு கேட்டால், பாதி மரியாதை தானாகவே வந்துவிடும்.

முதல்முறையாக விமானம் ஏறுபவர்களை மனதில் வைத்து, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன். இன்று கேட்பவராக இருப்பவர் அடுத்த பயணத்தில் கேட்கப்படுபவராக இருப்பார்.

படி 1: கேட்கும் நிலையே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இருக்கை மாற்றத் தகராறுகளில் பெரும்பாலானவை டிக்கெட் எடுக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. குடும்பத்தில் நான்கு பேர் போகிறீர்கள் என்றால் நான்கு பேரையும் ஒரே பிஎன்ஆரில் பதிவு செய்யுங்கள். இரண்டு பேருக்கு மாமா எடுத்தார், இரண்டு பேருக்கு முகவர் எடுத்தார் என்றால், நீங்கள் ஒரே குடும்பம் என்று விமான நிறுவனத்தின் கணினிக்குத் தெரியாது. அது தன்பாட்டுக்கு ஒருவரை 6ஆம் வரிசையிலும் மற்றொருவரை 27ஆம் வரிசையிலும் போட்டுவிடும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் பயணம் செய்யும் பெற்றோரிலோ பாதுகாவலரிலோ ஒருவரின் பக்கத்திலாவது இடம் ஒதுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ இந்திய விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ‘அதே பிஎன்ஆரில்’ என்பதைக் கவனியுங்கள். வேறு வேறு டிக்கெட்டில் இருந்தால் இந்த விதியைச் சொல்லிக் கேட்பது கடினம். அத்துடன், குழந்தைக்கு அருகில் ஒருவர் இருந்தால் போதும் என்பதுதான் விதி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வைக்கப்பட வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

வெப் செக்-இன், அதாவது இணையத்திலேயே வருகையைப் பதிந்து போர்டிங் பாஸ் வாங்குவதை, திறந்தவுடனே செய்துவிடுங்கள். பல நிறுவனங்களில் புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே திறந்துவிடுகிறார்கள். இடம் பிரிந்து வந்திருந்தால் விமான நிலையத்தில் பைகளை ஒப்படைக்கும் கவுன்டரில் கேளுங்கள், அங்கே முடியாவிட்டால் விமானம் ஏறும் வாயிலான போர்டிங் கேட்டில் கேளுங்கள். இந்த இரண்டு இடங்களிலும் இருப்பவர்களால் கணினியிலேயே மாற்றித் தர முடியும். விமானத்துக்குள் போன பிறகு உங்களிடம் இருப்பது முன்பின் தெரியாத ஒருவரின் நல்ல மனது மட்டும்தான்.

படி 2: உங்கள் கையில் இருக்கும் இருக்கை என்ன மதிப்புடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உள்நாட்டுப் பயணங்களில் நாம் அதிகம் ஏறும் ஏர்பஸ் 320 வகை விமானங்களில் நடைபாதைக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று இருக்கைகள். ஏ, எஃப் இரண்டும் ஜன்னல். சி, டி இரண்டும் நடைபாதை ஓரம். பி, இ இரண்டும் நடுவில் மாட்டிக்கொள்ளும் இடங்கள். நடு இருக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையோ நடைபாதை ஓரத்தையோ கேட்காதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே போதும், யாரும் உங்களைக் குறைசொல்ல மாட்டார்கள்.

எழுத்து மட்டும் ஒத்துப்போனால் போதாது, வரிசையும் பார்க்க வேண்டும். 4ஏ-யில் இருப்பவரிடம் 29ஏ-யைக் கொடுத்து, “இதுவும் ஜன்னல்தானே” என்று சொல்வது பாதி உண்மை. கடைசி வரிசைகளுக்குப் பின்னால் கழிவறை இருக்கும், அங்கே வரிசை நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல் பை. அவர் தன் பையை 4ஆம் வரிசைக்கு மேலே வைத்துவிட்டுப் பின்னால் போனால், இறங்கும்போது முன்னால் நிற்கும் கூட்டத்தைத் தாண்டி வர முடியாது. எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இது சிறிய விஷயமல்ல.

அவசர வழிக்கு முன்னால் இருக்கும் வரிசை பல விமானங்களில் பின்னால் சாயாது. உங்கள் இருக்கை அப்படிப்பட்டதென்றால் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் என்ற சிறிய விமானத்தில் கதை தலைகீழ். இரண்டிரண்டு இருக்கைகள்தான் என்பதால் நடு இருக்கை என்ற தொல்லையே இல்லை. பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்புறம் என்பதால், அங்கே பின்வரிசைக்காரர்கள்தான் முதலில் இறங்குவார்கள்.

படி 3: மாற்றக் கூடாத இடங்களைத் தொடாதீர்கள்

அவசர வழி வரிசையில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்கார முடியாது, பிறர் உதவி தேவைப்படுபவர்களும் உட்கார முடியாது. அங்கே உட்காருபவர் பணியாளர் சொல்வதைப் புரிந்துகொண்டு, தேவைப்பட்டால் கதவைத் திறக்க உதவ வேண்டும். “அங்கே கால் நீட்டலாம், அம்மாவை உட்கார வையுங்கள்” என்று முழங்கால் வலிக்காரரை அங்கே அனுப்ப முயன்றால் பணியாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கைக்குழந்தை விஷயத்தில் வெளியே தெரியாத ஒரு காரணம் இருக்கிறது. மூன்று இருக்கைகள் கொண்ட பகுதிக்கு மேலே வழக்கமாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகள் இருக்கும். நான்காவது, மடியில் இருக்கும் ஒரு குழந்தைக்கு. ஆகவே அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு அடுத்தடுத்து உட்கார ஆசைப்பட்டால் நடக்காது. பணியாளர் மறுப்பது பிடிவாதத்தால் அல்ல.

படி 4: நேரம் பார்த்துக் கேளுங்கள்

அடுத்தவர் இடத்தில் முதலில் உட்கார்ந்துகொண்டு, அவர் வந்த பிறகு “நீங்கள் அங்கே போய்க்கொள்கிறீர்களா” என்று கேட்பது வேண்டுகோள் ஆகாது. பிள்ளைக்கு பெல்ட் போட்டு, காலடியில் பையை வைத்து, பிஸ்கட் பாக்கெட்டையும் பிரித்த பிறகு கேட்டால் அவரால் எப்படி மறுக்க முடியும்? அவரை அந்த நிலையில் நிறுத்துவதுதான் இதில் இருக்கும் அநாகரிகம். எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பழக்கம் இது.

முதலில் உங்கள் இருக்கைக்குப் போய் உட்காருங்கள். நீங்கள் கேட்க நினைப்பவர் வந்ததும், அவர் பையை மேலே ஏற்றி வைப்பதற்குள் கேட்டுவிட்டால் அவருக்கும் எளிது. நடைபாதையில் பின்னால் பத்துப் பேர் காத்திருந்தால் பேச்சைத் தொடங்காதீர்கள், கூட்டம் அடங்கட்டும். எல்லோரும் ஏறி முடித்துக் கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்தால் காலி இடங்களும் தெரிந்துவிடும். அப்போது பணியாளரிடம் கேளுங்கள். காலியாக இருக்கிறதே என்று நீங்களாகப் போய் உட்காராதீர்கள். கூடுதல் கட்டண வரிசையாக இருக்கலாம். அத்துடன், யார் எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்தே விமானத்தின் எடைச் சமநிலை கணக்கிடப்படுகிறது. ஏடிஆர் போன்ற சிறிய விமானத்தில் சிலர் இடம் மாறினால்கூட அது கணக்கில் தெரியும்.

படி 5: மறுப்பதற்கு வழிவிட்டுக் கேளுங்கள்

இருக்கை எண்ணை முதலில் சொல்லுங்கள், காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள், மறுக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்:

“சார், என்னுடையது 11டி, உங்களைப் போலவே நடைபாதை ஓரம்தான். உங்கள் பக்கத்தில் இருப்பது என் அம்மா, அவருக்கு இது முதல் பயணம். மாற்றிக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை.”

இதில் அவர் யோசிக்க வேண்டியது எல்லாம் இருக்கிறது. எழுந்து நின்று 11டி-யைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இதற்கு மாறாக, “அம்மாவுக்கு சுகர், முழங்கால் வலி, அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம்தான் ஆகிறது” என்று அடுக்கிக்கொண்டே போனால், கேட்கப்படுபவர் மறுக்கும்போது தன்னைக் கொடுமைக்காரராக உணர்வார். அந்தச் சுமையை அவர் தலையில் வைக்காதீர்கள். அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி உரக்கக் கேட்பதும், குழந்தையை முன்னே தள்ளி “அங்கிளைக் கேள்” என்று சொல்வதும் இதே வகைதான்.

யாரிடம் கேட்பது? தனியாக வந்தவரிடம், உங்கள் இருக்கைக்கு ஈடான இருக்கையில் இருப்பவரிடம். சி-யில் இருப்பவரை அதே வரிசையின் டி-க்கு மாறச் சொல்வதுதான் எல்லா மாற்றங்களிலும் எளிதானது. நடைபாதையைத் தாண்டி ஓர் அடி வைத்தால் போதும், பை இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஒருவர் மறுத்தால் இன்னொருவரைக் கேட்கலாம். அதே நபரை இரண்டாம் முறை கேட்கக் கூடாது. அவர் இங்கே, இவர் அங்கே, அங்கே இருப்பவர் பின்னால் என்று நான்கு பேரை நகர்த்தும் திட்டங்களைக் கைவிடுங்கள். அவற்றில் யாராவது ஒருவர் நடு இருக்கையில் முடிவார், அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

படி 6: உங்களிடம் கேட்டால்

தலையாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: “உங்கள் இருக்கை எண் என்ன?” சொல்லத் தயங்கினால் பெரும்பாலும் அது நடு இருக்கை.

சின்னக் குழந்தை தனியாகவும் தாய் வேறு வரிசையிலும் இருந்தால் நான் எழுந்துகொள்வேன். சாப்பாட்டு உறையைப் பிரிக்கவும் கழிவறைக்குப் போகவும் துணை தேவைப்படும் முதியவருக்காகவும் எழுந்துகொள்வேன். சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் பிரிந்திருக்க முடியாத தம்பதிக்காகவோ, சேர்ந்து சீட்டாட நினைக்கும் நண்பர்களுக்காகவோ எழ மாட்டேன். உங்கள் கோடு வேறு இடத்தில் இருக்கலாம், அதில் தவறில்லை.

மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியவர் நடைபாதை ஓரத்தை விடமாட்டார்; அதைப் போய் அறிமுகமில்லாதவரிடம் விளக்க முடியுமா? “மன்னிக்கவும், இந்த இருக்கையைத் தேர்ந்தெடுத்துத்தான் வாங்கினேன். வேறு யாரையாவது கேட்டுப் பாருங்கள்” என்றால் போதும். நீளமாகச் சொன்னால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வரும்.

நம்மிடையே இதைச் சிக்கலாக்குவது வயது. “என்ன தம்பி, வயதில் பெரியவன் கேட்கிறேன், சின்னப் பையன்தானே நீ” என்று ஆரம்பித்துவிட்டால் வாய் அடைத்துப்போகும். வயதுக்கான மரியாதையைப் பேச்சில் காட்டுங்கள், இருக்கையால் காட்ட வேண்டியதில்லை. “ஐயா, என்னால் மாற முடியாது. பணியாளரைக் கூப்பிடட்டுமா? அவர்கள் வேறு இடம் பார்த்துத் தருவார்கள்” என்று சொல்லித் தலைக்கு மேலே இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். பெரியவருக்கு உண்மையாகவே தேவை இருந்தால் அவர்கள் வழி செய்வார்கள்.

உங்கள் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தால், திருடனைப் பிடித்ததுபோல் பேச வேண்டாம். ஏ-யும் எஃப்-உம் எந்தப் பக்கம் என்று குழம்புவது சாதாரணமாக நடப்பது. போர்டிங் பாஸைக் காட்டி, “இது 14ஏ என்று நினைக்கிறேன், ஒருமுறை பார்க்கிறீர்களா” என்று கேளுங்கள். அவர் நகரவில்லை என்றால், அதற்கு மேல் பேச வேண்டியவர் பணியாளர். அவர் சொல்வதுதான் முடிவு.

எந்தப் பக்கத்தில் இருந்தாலும் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். 2024 டிசம்பரில் பிரேசிலில் ஒரு பெண் தன் ஜன்னல் இருக்கையை ஒரு குழந்தைக்கு விட்டுக்கொடுக்க மறுத்ததை இன்னொரு பயணி படம் பிடித்து வெளியிட, அது உலகமெங்கும் பரவியது. அவரை அவமானப்படுத்த எடுத்த படம் அது. பார்த்தவர்களில் பெரும் பகுதியினர் அவர் பக்கமே நின்றார்கள்.

படி 7: மாறிய பிறகு

பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். முன்பதிவு செய்த சாப்பாடும் சைவ உணவு, நீரிழிவு உணவு போன்ற சிறப்பு உணவுகளும் இருக்கை எண்ணைப் பார்த்துத்தான் வரும். சொல்லாமல் மாறினால் உங்கள் சைவச் சாப்பாடு அவர் மேசைக்குப் போகும், அவர் சிக்கன் உங்களிடம் வரும். முன் இருக்கையின் முதுகிலுள்ள பையில் கண்ணாடி, சார்ஜர், பாஸ்போர்ட் எதையாவது செருகியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுத்தவருடைய பையை இறக்கித் தருவது உங்கள் வேலை.

இணைப்பு விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாற்றம் இந்த ஒரு விமானத்துக்கு மட்டும்தான். அடுத்த விமானத்திலும் குடும்பம் பிரிந்திருக்கிறதா என்று இறங்கியதும் போர்டிங் பாஸ்களைப் பாருங்கள். பிரிந்திருந்தால் சாப்பிடப் போவதற்கு முன் அந்த நிறுவனத்தின் கவுன்டருக்குப் போங்கள். நேரம் ஆக ஆக அங்கே மிச்சமிருப்பது நடு இருக்கைகளாகத்தான் இருக்கும்.