அம்மா விழுந்துவிடுவாரோ? ஒரு நாற்காலி, மூன்று மீட்டர் தரை, ஸ்டாப்வாட்ச்

அம்மாவுக்கு 72 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை மூன்று மாதம் சொல்லாமலே இருந்திருக்கிறார். அதனால், விழும் அபாயத்தை வீட்டிலேயே பார்க்கும் மூன்று சோதனைகளுக்காக ஸ்டாப்வாட்சை எடுக்கும் முன் கேளுங்கள்: "போன ஒரு வருஷத்துல எங்கயாச்சும் விழுந்தியாம்மா?" ஆமாம் என்றால், சோதனையில் நல்ல நேரம் வந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். ஏற்கெனவே விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம்.

சரி, முதலில் நடை. டைம்ட் அப் அண்ட் கோ என்று பெயர், 1991இல் வந்தது. கை வைத்த நாற்காலி, 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். கோட்டுக்குச் சாக்பீஸ் வேண்டாம், பளிச்சென்ற கலர் டேப் ஒட்டுங்கள். நான் போட்ட சாக்பீஸ் கோட்டை அம்மா குனிந்து தேடினார். ஆப் எதுவும் தேவையில்லை.

நான் சொதப்பியது இங்கேதான். "சீக்கிரம் போயிட்டு வாம்மா" என்றேன், அம்மாவும் பந்தயம் போல ஓடி 10 விநாடியில் வந்துவிட்டார், எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் தினமும் நடக்கிற வேகத்தில்தான் நடக்க வேண்டுமாம். அதோடு, அவர் முதுகு நாற்காலியை விட்டு எழும்பிய பிறகுதான் நான் பட்டனை அழுத்தினேன். தப்பு! "போ" என்று சொன்னதுமே அழுத்த வேண்டும், ஏனென்றால் எழுந்திருக்கத் திணறும் அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். சரியாகச் செய்தபோது 14 விநாடி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய வழிகாட்டியில் 12 அல்லது அதற்கு மேல் போனாலே விழும் அபாயம் உண்டு என்கிறார்கள்.

அடுத்தது 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது. கையில்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், வழுக்கும். எதுவானாலும் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும், ஊன்றி எழுந்தால் மதிப்பெண் 0. 70-74 வயதுப் பெண்களுக்கு 10-க்குக் கீழே போனால் குறைவு. அம்மா 8.

கடைசியில், ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்களுக்கு நேர் முன்னே வைத்து 10 விநாடி நிற்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

பின்சேர்க்கை: கைத்தடி வைத்திருப்பவர் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நடைச் சோதனையில் தடியோடே, வழக்கமான செருப்போடே நடக்கலாம், அதைக் குறித்து மட்டும் வையுங்கள். புடவையின் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், திரும்பும்போது அம்மாவுக்குக் காலில் மாட்டியது. நான் இந்த எண்களைத் தாளில் எழுதி, அம்மா சாப்பிடும் மாத்திரைச் சீட்டோடு சேர்த்து டாக்டரிடம் கொடுத்தேன். அவர் முதலில் கையில் எடுத்தது மாத்திரைச் சீட்டைத்தான்.